கணப்படம் கைகொடுக்குமா?

மாணவர் தொகை மிகுந்த மேலைநாட்டுப் பள்ளிகளில் குழுப் புகைப்படம் எடுப்பதற்கு ஒரு காலத்தில் தனிவகைக் கேமரா ஒன்று பயன்பட்டது. அது ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்லத் திரும்பிக்கொண்டே பல நூறு முகங்களை நீண்டதொரு படச்சுருளில் பதிவு செய்யும். குறும்புக்கார மாணவன் எவனாவது இடக்கோடியில் நின்று, தன் முகம் பதிவானவுடன் வரிசைக்குப் பின்னால் ஓடி, கேமரா வந்து சேருமுன் வலக்கோடியில் நின்றுகொள்வான். படத்தைக் கழுவிப் பார்த்தால் ஒரே பையன் இரண்டு இடங்களிலும் சிரித்துக்கொண்டிருப்பான்!

கேமராவின் மேல் குற்றம் இல்லை. அது பார்த்ததைத்தான் பதிவு செய்தது. ஆனால் படத்தின் இடப்பக்கம் ஒரு நேரத்தைச் சேர்ந்தது. வலப்பக்கம் வேறொரு நேரத்தைச் சேர்ந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டபோது, எந்த நொடியிலும் உண்மையில் இருந்திராத காட்சி ஒன்று உண்டாகிவிட்டது.

இதே குறும்பு ஒரு வங்கியின் கணிப்பொறியில் நிகழ்ந்தால் என்ன ஆகும்? அண்ணன் கணக்கில் 5000 ரூபாயும் தம்பி கணக்கில் 2000 ரூபாயும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 7000. வங்கியின் கணக்குகள் யாவும் டேட்டாபேஸ் எனப்படும் தகவல் தளத்தில் பக்கம் பக்கமாகப் பதிந்துள்ளன. அத்தளத்தை முழுவதும் வேறொரு வட்டுக்குப் படியெடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது. அண்ணன் கணக்குள்ள பக்கம் முதலில் படியெடுக்கப்படுகிறது: 5000. சிறிது நேரம் கழித்து அண்ணன் தம்பிக்கு 1000 ரூபாய் அனுப்புகிறார். அதன்பின் தம்பியின் பக்கம் படியெடுக்கப்படுகிறது: 3000. மூலத்தில் மொத்தம் 7000தான். படியிலோ 8000! பக்கங்களின் வரிசை மாறியிருந்தால் படியில் 6000தான் இருக்கும். ஆயிரம் ரூபாய் காற்றில் கரைந்திருக்கும். நாளை மூலம் பழுதாகி இந்தப் படியைக் கொண்டு வங்கியை மீண்டும் திறக்க நேர்ந்தால், யார் யாருக்கு என்ன பதில் சொல்வது?

முன்பெல்லாம் இச்சிக்கலுக்கு எளிய வழி இருந்தது. மாலையில் கதவைச் சாத்திவிட்டு, யாரும் எதுவும் எழுதாத நேரத்தில் காந்த நாடாவில் படியெடுத்து அலமாரியில் வைத்தார்கள். இன்று பணம் வழங்கும் இயந்திரத்துக்கும் மருத்துவமனைப் பதிவேட்டுக்கும் சாத்துகிற நேரம் என்று ஒன்று கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் தளத்தை ஓடும்போதே படியெடுத்தாக வேண்டும். அதற்குப் பிறந்த உபாயமே ஸ்நாப்ஷாட். ஒரு கணத்தின் நிலையை அப்படியே பிடித்து வைப்பதால் அதை இக்கட்டுரையில் ‘கணப்படம்’ என்று குறிப்பிடுவோம்.

ஒரு நொடியில் எடுப்பது எப்படி?

பல நூறு ஜிகாபைட் அளவுள்ள வட்டின் கணப்படத்தை ஓரிரு நொடிகளில் எடுத்துவிடலாம் என்று கேட்டால் வியப்பாக இருக்கும். இரகசியம் இதுதான்: கணப்படம் எடுக்கும்போது எதுவுமே படியெடுக்கப்படுவதில்லை!

ஆயிரம் பக்கங்கள் உள்ள ஒரு பேரேட்டை எண்ணிக்கொள்ளுங்கள். காலை 10 மணிக்கு மேலாளர், “இந்த நிமிடத்து நிலவரம் எனக்கு வேண்டும்” என்கிறார். எழுத்தர் ஆயிரம் பக்கங்களையும் படியெடுக்க உட்காருவதில்லை. “ஆகட்டும்” என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைத் தொடர்கிறார். ஆனால் 10 மணிக்குப் பிறகு எந்தப் பக்கத்தையாவது முதன்முறையாகத் திருத்த நேரும்போது, பழைய பக்கத்தைத் தனித்தாளில் படியெடுத்து ஒரு கட்டில் சேர்த்துவிட்டு, அதன் பின்னரே திருத்துகிறார். 10 மணி நிலவரத்தைப் பார்க்க விரும்புவோர், திருத்தப்பட்ட பக்கங்களை அந்தக் கட்டிலும், மற்றவற்றைப் பேரேட்டிலுமே பார்த்துக்கொள்ளலாம். லினக்ஸ் கணிப்பொறிகளில் உள்ள எல்.வி.எம். என்னும் அமைப்பின் பழைய வகைக் கணப்படம் இம்முறையில்தான் இயங்குகிறது.

இதற்கு விலை உண்டு. முன்பு ஒரு முறை எழுதினால் போதும். இப்போது பழையதைப் படித்து, கட்டில் எழுதி, பிறகு புதியதை எழுத வேண்டும். ஒரு வேலை மூன்றாகிறது. தனித்தாள்களுக்கென ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால் அந்தக் கணப்படமே செல்லாததாகிவிடும். எழுதும் வேலை மிகுந்த தளத்தில் இத்தகைய கணப்படத்தை நாட்கணக்கில் வைத்திருப்பது நல்லதன்று என்பது இதனால் விளங்கும்.

மற்றொரு முறையில் எழுத்தர் பழைய பக்கத்தைத் தொடுவதே இல்லை. திருத்தம் எதுவாயினும் வெற்றுத்தாளில் எழுதிச் சேர்க்கிறார். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று காட்டும் பொருளடக்கத்தை மட்டும் மாற்றுகிறார். 10 மணிக்குரிய பொருளடக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டால் அதுவே கணப்படம். நெட்ஆப் நிறுவனத்தார் 1994-இல் விவரித்த வாஃபிள் கோப்பு முறையும், சன் நிறுவனத்தார் 2005-இல் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். முறையும் இந்த வழியைப் பின்பற்றுகின்றன. இதில் கூடுதலாக எழுதும் சுமை இல்லை. ஆனால் நாளடைவில் அடுத்தடுத்த பக்கங்கள் வட்டில் சிதறிப்போகும். தொடர்ந்து படிக்கும் வேகம் குறையலாம்.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இக்கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வைக்கலாம். திருத்தப்படாத பக்கங்கள் ஒரே ஒரு முறைதான் இருக்கின்றன. மூலமும் கணப்படமும் அவற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. பேரேடு தீப்பிடித்தால் தனித்தாள் கட்டு எதற்கும் உதவாது. வட்டு பழுதானால் அதன்மேல் இருந்த நூறு கணப்படங்களும் அதனுடனேயே போய்விடும். கணப்படத்தைப் பார்த்து நிதானமாக வேறிடத்துக்குப் படியெடுத்து முடித்த பிறகே அது காப்புப் பிரதி ஆகிறது. அதுவரை, நிதானமாகப் படியெடுக்க வசதியாக மூலத்தை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவே.

குறிப்பேடும் பேரேடும்

சரி, வட்டை ஒரு கணத்தில் உறையவைத்துவிட்டோம். அந்தக் கணத்தில் தகவல் தளம் ஒழுங்கான நிலையில் இருந்ததா? இதுவே அடுத்த கேள்வி.

தகவல் தளம் எல்லாவற்றையும் உடனுக்குடன் வட்டில் எழுதுவதில்லை. திருத்திய பக்கங்களை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, வசதிப்படும்போது வட்டுக்கு அனுப்புகிறது. ஆகவே வட்டை மட்டும் படம் பிடித்தால், மின்சாரம் திடீரென்று நின்றுபோன கணிப்பொறியின் வட்டு எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். பாதி எழுதியவையும் இருக்கும்; எழுதாதவையும் இருக்கும்.

இதிலிருந்து மீள்வதற்கான வழியை வணிகவியல் மாணவர்கள் முன்பே அறிவார்கள். நடவடிக்கைகளை நிகழ்ந்த வரிசையில் முதலில் குறிப்பேட்டில் பதிய வேண்டும்; பிறகுதான் பேரேட்டுக் கணக்குகளில் எடுத்தெழுத வேண்டும். தகவல் தளமும் இதையே செய்கிறது. அண்ணன் பணம் அனுப்பியவுடன் அந்த நடவடிக்கை குறிப்பேட்டுக் கோப்பில் எழுதப்பட்டு, அது வட்டில் பதிந்த பின்னரே “பணம் சேர்ந்தது” என்ற பதில் வருகிறது. பேரேடாகிய பக்கங்கள் மெதுவாகத் திருத்தம் பெறலாம். இடையில் மின்சாரம் நின்றாலும் பாதகமில்லை. மீண்டும் தொடங்கும்போது குறிப்பேட்டைப் படித்து, எடுத்தெழுதாமல் விட்டவை எழுதப்படுகின்றன. முடிவடையாத நடவடிக்கைகள் விலக்கப்படுகின்றன. இம்மீட்பு முறையைச் செம்மையான வடிவில் தொகுத்தளித்த ‘ஏரிஸ்’ என்ற ஆய்வுக் கட்டுரை 1992-இல் வெளிவந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த அதன் முதல் ஆசிரியர் சி. மோகன் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர் என்பதை மாணவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஆகவே கணப்படத்தில் குறிப்பேடும் பேரேடும் ஒரே கணத்தைச் சேர்ந்தவையாக இருந்தால் தகவல் தளம் தானே எழுந்து நடக்கும். இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். வேகத்துக்காகக் குறிப்பேட்டை ஒரு வட்டிலும் பேரேட்டை இன்னொரு வட்டிலும் வைப்பது வழக்கம். ஒரு வட்டின் கணப்படத்தை முதலிலும், மற்றதை மூன்று நொடி கழித்தும் எடுத்தால், பள்ளிக்கூடப் பையன் மீண்டும் ஓடத் தொடங்கிவிடுவான்! பேரேட்டில் வந்துவிட்ட திருத்தம் குறிப்பேட்டில் இல்லாமல் போகலாம். அப்படிப்பட்ட படத்திலிருந்து தளம் தொடங்க மறுக்கலாம். அதைவிடக் கொடியது, தொடங்கிவிட்டுப் பிழையான விடைகளைத் தந்துகொண்டிருப்பது.

பல இடங்களில் பரந்து கிடக்கும் ஓர் அமைப்பை, அதை நிறுத்தாமலே, முரணின்றிப் படம் பிடிப்பது எப்படி என்ற கேள்வி அறிஞர்களை முன்பே ஈர்த்திருக்கிறது. மணி சாண்டி, லெஸ்லி லாம்போர்ட் ஆகிய இருவரும் 1985-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் புகழ்பெற்றது. வானம் முழுதும் பறந்து செல்லும் வலசைப் பறவைகளை ஒரே படத்தில் அடக்க முடியாத புகைப்படக்காரர்கள் பலர், ஆளுக்கொரு பகுதியாக எடுத்து ஒட்டும் வேலையை அவர்கள் உவமையாகக் காட்டினார்கள். பறவைகளை நில் என்று சொல்ல முடியாது; ஆனாலும் ஒட்டிய படம் பொருளுடையதாக இருக்க வேண்டும். சாண்டியும் சென்னை ஐ.ஐ.டி.யின் மாணவரே.

நடைமுறையில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. சில சேமிப்புச் சாதனங்கள் பல வட்டுகளை ஒரு குழுவாகக் கொண்டு எல்லாவற்றையும் ஒரே கணத்தில் உறையவைக்கும். அவ்வசதி இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்பதோடு நில்லாமல் ஆவணத்தில் படித்து உறுதி செய்துகொள்வது நல்லது. அவ்வசதி இல்லையென்றால் தகவல் தளத்திடமே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில் ‘காப்புப் பிரதி எடுக்கப் போகிறோம்’ என்று அறிவிக்கும் கட்டளையும், ‘எடுத்து முடிந்தது’ என்று அறிவிக்கும் கட்டளையும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையில் எழுதப்பட்ட குறிப்பேட்டுப் பகுதிகளையும் பத்திரப்படுத்தினால், பேரேட்டுப் படி முன்பின்னாக இருந்தாலும் குறிப்பேடு அதை நேராக்கிவிடும்.

இன்னொரு நுட்பமான விபத்தும் உண்டு. போஸ்ட்கிரெஸ் தளத்தின் ஒரு பக்கம் 8 கிலோபைட். மைஎஸ்க்யூஎல் தளத்தின் இன்னோடிபி பகுதியில் ஒரு பக்கம் வழக்கமாக 16 கிலோபைட். வட்டும் இயக்க மென்பொருளும் பெரும்பாலும் 4 கிலோபைட் துண்டுகளாக எழுதுகின்றன. ஆகவே பக்கத்தின் மேல்பாதி புதியதாகவும் கீழ்ப்பாதி பழையதாகவும் சிக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. இதை முன்னறிந்தே போஸ்ட்கிரெஸ் சில வேளைகளில் முழுப் பக்கத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறது. இன்னோடிபி ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு இடங்களில் எழுதுகிறது. இவை வேகத்தைக் குறைக்கின்றன என்று அணைத்துவைப்போர் உண்டு. கீழே உள்ள வட்டு அமைப்பு வேறு வழியில் காப்புத் தருகிறது என்ற உறுதி இல்லாமல் அவ்வாறு செய்வது, எடை குறையட்டும் என்று வண்டியின் பிரேக்கைக் கழற்றுவது போன்றது.

பதினொன்று நாற்பதுக்கு நேர்ந்தது

வட்டு பழுதாவது மட்டுமே ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுத் துறையை எடுத்துக்கொள்வோம். மறுமதிப்பீட்டுக்குப் பிறகு ஒரே ஒரு மாணவரின் கணித மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும். பகல் 11.40 மணிக்கு ஊழியர் கட்டளையைத் தட்டுகிறார். ‘இந்தப் பதிவு எண்ணுக்கு மட்டும்’ என்ற பகுதி விடுபட்டுவிடுகிறது. எல்லா மாணவருடைய கணித மதிப்பெண்ணும் ஒரே எண்ணாக மாறிவிடுகிறது. 12.10-க்குத்தான் யாரோ கவனிக்கிறார்கள்.

இரண்டாவது கணிப்பொறி ஒன்று முதன்மைக் கணிப்பொறியை நொடிக்கு நொடி பின்பற்றிக்கொண்டிருக்கலாம். அது உதவுமா? உதவாது. நல்ல கட்டளை எது, கெட்ட கட்டளை எது என்று அதற்குத் தெரியாது; அங்கும் மதிப்பெண்கள் மாறிவிட்டிருக்கும். நள்ளிரவில் எடுத்த கணப்படம் உதவுமா? ஓரளவு உதவும். ஆனால் காலையிலிருந்து 11.40 வரை பதிந்த ஏனைய திருத்தங்கள் எல்லாம் போய்விடும்.

குறிப்பேட்டைத் தொடர்ந்து வேறிடத்தில் சேர்த்து வந்திருந்தால் மட்டுமே முழுமையான மீட்பு கிட்டும். போஸ்ட்கிரெஸ் தன் குறிப்பேட்டை 16 மெகாபைட் கொண்ட கோப்புகளாகப் பிரித்து எழுதுகிறது. ஒரு கோப்பு நிரம்பியவுடன் அதைத் தொலைவிலுள்ள சேமிப்பகத்துக்கு அனுப்பிவிடலாம். நள்ளிரவுக் காப்புப் பிரதியைத் தனியொரு கணிப்பொறியில் விரித்து, அதன்மேல் குறிப்பேட்டை வரிசையாக ஓட்டி, 11.39 ஆனதும் ‘போதும்’ என்று நிறுத்தலாம். அப்போது மதிப்பெண்கள் அழிவதற்கு முந்திய நிமிடத்துத் தளம் கண்முன் நிற்கும். கணப்படம் தொடக்கப் புள்ளியைத் தருகிறது. அங்கிருந்து வேண்டிய நிமிடத்துக்கு நடத்திச் செல்வது குறிப்பேடுதான்.

எல்லோருக்கும் இத்தனை ஏற்பாடு தேவையா என்று கேட்கலாம். தேவையில்லை. சிறியதொரு கல்லூரி நூலகத்தின் தகவல் தளம் சில நூறு மெகாபைட்டுக்கு மேல் இராது. அதற்குத் தளத்தின் உள்ளடக்கத்தை எழுத்துவடிவக் கட்டளைகளாக இறக்கி வைக்கும் பழைய முறையே போதும். போஸ்ட்கிரெஸில் அக்கருவி தொடங்கிய கணத்தில் தளம் எப்படி இருந்ததோ அந்நிலையையே கடைசி வரை காண்கிறது. பிறர் இடையில் திருத்தினாலும் பழைய வரிகளைத் தளம் அதற்காக விட்டு வைக்கிறது. இதுவும் ஒருவகைக் கணப்படமே. வட்டில் அல்லாமல் தகவல் தளத்தின் உள்ளேயே எடுப்பது. வேறு பதிப்புக்கும் வேறுவகைக் கணிப்பொறிக்கும் கொண்டுசெல்லலாம் என்பது இதன் தனிச்சிறப்பு. ஆனால் மீட்கும்போது ஒவ்வொரு வரியையும் மீண்டும் நுழைத்து, தேடு அட்டவணைகளையும் புதிதாகக் கட்ட வேண்டும். பல நூறு ஜிகாபைட் அளவுள்ள தளத்துக்கு இதை மட்டும் நம்பினால், மீண்டும் கதவு திறக்க மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் காத்திருக்க நேரும்.

ஓர் இரவின் கதை

மேலே சொன்னவை எல்லாம் ஒரே இரவில் ஒரே இடத்தில் சோதனைக்குள்ளான வரலாறு ஒன்று உண்டு. கிட்லேப் என்பது மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துக் கூட்டாகப் பணிபுரிவதற்கான இணையச் சேவை. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் இரவு, அதன் துணைக் கணிப்பொறி முதன்மைக் கணிப்பொறியைப் பின்தொடர இயலாமல் பின்தங்கியது. அதற்கு வேண்டிய குறிப்பேட்டுப் பகுதிகளை முதன்மைக் கணிப்பொறி ஏற்கெனவே நீக்கிவிட்டது. வேறிடத்தில் சேர்த்து வைக்கும் ஏற்பாடும் இல்லை. ஆகவே துணையை வெறுமையாக்கி, முதலிலிருந்து படியெடுக்க வேண்டியதாயிற்று. படியெடுப்பு அசையாமல் நின்றது. துணைக் கணிப்பொறியில் கிடக்கும் கோப்புறைதான் தடையாக உள்ளது என்று கருதிய பொறியாளர் ஒருவர் அதை அழிக்கக் கட்டளையிட்டார். ஓரிரு நொடிகளில் திடுக்கிட்டு நிறுத்தினார். அவர் கட்டளையிட்டது துணைக் கணிப்பொறிக்கு அன்று, முதன்மைக் கணிப்பொறிக்கு! சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியிருந்தது.

காப்புப் பிரதியைத் தேடினார்கள். நாள்தோறும் உள்ளடக்கத்தை இறக்கி, அமேசான் சேமிப்பகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. தளமோ போஸ்ட்கிரெஸ் 9.6-ஆம் பதிப்பு, இறக்கும் கருவியோ 9.2-ஆம் பதிப்பு. பதிப்பு ஒவ்வாமையால் கருவி ஒவ்வொரு நாளும் தோற்றுப்போயிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டனதாம். உரிய கையொப்பச் சான்று இல்லாததால் அஞ்சல் அமைப்பு அவற்றைத் தள்ளிவிட்டது! மேகக் கணிமை நிறுவனம் தரும் வட்டுக் கணப்பட வசதி கோப்புகள் வைக்கும் கணிப்பொறிகளுக்கு இயக்கப்பட்டிருந்தது. மற்ற ஏற்பாடுகள் போதும் என்று எண்ணித் தகவல் தளக் கணிப்பொறிகளுக்கு இயக்கவில்லை. துணைக் கணிப்பொறியோ ஏற்கெனவே வெறுமையாகிக் கிடந்தது.

எஞ்சியது எல்.வி.எம். கணப்படம் ஒன்று. அது வழக்கமாக 24 மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்கப்படும். நற்பேறாக, அன்று மாலை வேறொரு சோதனைக்காகப் பொறியாளர் கையால் ஒன்றை எடுத்து ஒத்திகைக் கணிப்பொறியில் ஏற்றி வைத்திருந்தார். விபத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் முந்தியது அது. காப்புக்காக எடுத்ததன்று, ஆனாலும் அதுதான் காப்பாற்றியது. மூலக் கணிப்பொறியிலேயே விட்டு வைக்காமல் வேறொரு கணிப்பொறிக்குக் கொண்டுபோயிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அதைத் திரும்பக் கொண்டுவருவதும் எளிதாக இல்லை. ஒத்திகைக் கணிப்பொறியின் வட்டு மலிவான வகையைச் சேர்ந்தது. நொடிக்குச் சுமார் 60 மெகாபிட் வேகமே கிடைத்தது. 300 ஜிகாபைட் என்பது 24 லட்சம் மெகாபிட். 60-ஆல் வகுத்தால் 40,000 நொடி, அதாவது 11 மணி நேரத்துக்கு மேல். நடைமுறையில் ஏறத்தாழ 18 மணி நேரம் பிடித்தது. மாணவர் யாரும் தாளில் போட்டுவிடக்கூடிய இந்த வகுத்தல் கணக்கை முன்கூட்டிப் போட்டு வைத்திருக்கும் அலுவலகங்கள் குறைவு.

நிரல்கள் தப்பின; அவை தனியே இருந்தன. ஆனால் அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான ஏறத்தாழ 5000 திட்டங்கள், 5000 கருத்துரைகள், 700 புதிய பயனர் கணக்குகள் ஆகியவை பாதிக்கப்பட்டன. நிறுவனத்தார் எதையும் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரடியாகவே காட்டினார்கள். பின்னர் விரிவான அறிக்கையும் வெளியிட்டார்கள். இன்று நாம் இதைப் படிக்க முடிவது அந்த நேர்மையால்தான். பொறியாளர் மேல் பழியைப் போட்டு முடித்திருந்தால் யாருக்கும் பயன் இருந்திராது.

எதைத் தேர்வது?

கருவிகளின் பட்டியலைப் பார்த்துத் தேர்வு செய்வது தலைகீழ் வழி. விபத்துக்குப் பிறகு என்ன வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். எவ்வளவு நேரத்து உழைப்பை இழந்தால் தாங்கலாம்? எவ்வளவு நேரம் கதவு மூடிக் கிடந்தால் தாங்கலாம்? முதலாவதை இழப்பு எல்லை என்றும் இரண்டாவதைக் காத்திருப்பு எல்லை என்றும் சொல்லலாம். ஒரு நாள் இழப்பைத் தாங்கும் நூலகத்துக்கு இரவு இறக்கம் போதும். ஒரு நிமிட இழப்பையும் தாங்காத வங்கிக்குக் குறிப்பேட்டைத் தொடர்ந்து சேர்ப்பதன்றி வேறு வழி இல்லை. கணப்படத்தை எத்தனை முறை எடுத்தாலும் அது இரண்டு படங்களுக்கு இடைப்பட்ட வேலையைக் காக்காது. நீண்ட நேரம் காத்திருக்க முடியாத பெரிய தளத்துக்குக் கணப்படம் பெருந்துணை. பல நூறு ஜிகாபைட்டை இழுத்து வராமலே நேற்றைய வட்டை நிமிடங்களில் நிறுத்திவிடலாம். மேகக் கணிமையில் மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அமேசானின் வட்டுக் கணப்படங்கள் வேறு சேமிப்பகத்தில் வைக்கப்படுகின்றன; அது நல்லதே. ஆனால் அதிலிருந்து உருவாக்கிய புதிய வட்டு உடனே தயார் என்று காட்டினாலும், ஒவ்வொரு பகுதியும் முதன்முறை படிக்கப்படும்போதுதான் அங்கிருந்து வந்து சேர்கிறது. தளம் தொடங்கிவிடும், முதலில் வரும் கேள்விகளுக்கு மட்டும் ஆமை வேகத்தில் விடை தரும்.

அடுத்து, எந்தக் கேட்டிலிருந்து காக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் பிரான்ஸ் நாட்டின் ஸ்திராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் கணிப்பொறி நிலையக் கட்டடம் ஒன்று தீக்கிரையானது. காப்புப் பிரதிகளையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து போயின. தொலைவு முக்கியம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் தொலைவு மட்டும் போதாது. 2014-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் மேகக் கணிமைக் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் அந்நியன் ஒருவன் நுழைந்தான். தளத்தையும் கணப்படங்களையும் வரிசையாக அழித்தான். எல்லாவற்றுக்கும் ஒரே சாவி இருந்ததால் அவனுக்கு வேலை எளிதாயிற்று. அந்நிறுவனம் அத்துடன் மூடப்பட்டது. ஆகவே ஒரு பிரதியேனும் வேறு சாவியின் கீழ், அன்றாட வேலை செய்பவரும் அழிக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒத்திகை. தேர்ந்தெடுத்த முறை எதுவாயினும், குறிப்பிட்ட நாளில் ஒருவர் கையில் கடிகாரத்துடன் உட்கார்ந்து, வெறுமையான கணிப்பொறி ஒன்றில் தளத்தை முழுவதும் மீட்டுப் பார்க்க வேண்டும். ஏற்பாட்டைச் செய்தவரே அதைச் செய்யாமல், எழுதி வைத்த குறிப்பை மட்டும் படித்து இன்னொருவர் செய்வது மேலும் நல்லது; குறிப்பில் விடுபட்ட வரிகள் அப்போதுதான் தெரியும். தளம் தொடங்கிவிட்டது என்பதோடு மனநிறைவு கொள்ளாமல், மொத்தப் பதிவுகள் எத்தனை, கடைசிப் பதிவு எந்த நேரத்தது, பற்றும் வரவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். கிட்லேப் நிறுவனத்தார் தங்கள் அறிக்கையின் இறுதியில் இனிச் செய்ய வேண்டியவை என்று பட்டியலிட்டவற்றில் காப்புப் பிரதிகளைத் தானாகவே மீட்டுச் சோதிக்கும் ஏற்பாடு இருந்தது. மணிக்கு ஒரு கணப்படம் இருந்தது. குறிப்பேட்டைத் தொடர்ந்து சேர்ப்பதைப் பற்றிய ஆய்வு இருந்தது. கூடவே, எந்தக் கணிப்பொறியில் கட்டளை தட்டுகிறோம் என்பது பார்த்தவுடன் விளங்கும்படி திரையின் கட்டளை வரியையே மாற்றி அமைப்பதும் இருந்தது.